சிறுவனின் நெஞ்சுவலி இதயத் தமனி இறுக்கமாக இருக்குமா?

கேள்வி (குடியாத்தம்):
என் 12 வயது மகன் சில நாட்களாக விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்தபடி எழுந்து உட்காருகிறான். 10 நிமிடத்தில் வலி அடங்கிவிடுகிறது. பிறகு எடுத்த இசிஜி சரியாக இருந்ததால் வாயு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தமனி இறுக்கம் (இதயத்துக்கு இரத்தம் தரும் குழாய் திடீரெனச் சிறிது நேரம் சுருங்குவது) சிறுவர்களுக்கும் வருமா?

மறுமொழி (ராணிப்பேட்டை):
வரலாம், ஆனால் மிக அரிது. பிள்ளைகளின் நெஞ்சுவலி பெரும்பாலும் தசையிலும் விலாக் குருத்தெலும்பிலும் எழுவதே. (வாயு என்பது நம் பக்கத்தில் எல்லா வலிக்கும் இடும் பெயர்.) எனினும், 1959இல் அமெரிக்க இதய மருத்துவர் பிரின்ஸ்மெட்டல் பெரியவர்களிடம் விவரித்த இந்த இறுக்கம் ஓய்விலும் விடியலிலும் வரக்கூடியது என்பதாலும், வலி தணிந்தபின் இசிஜி இயல்பாகவே தெரியலாம் என்பதாலும், வலிக்கும்போதே இசிஜியும் டிரோபோனின் பரிசோதனையும் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எடுப்பது நல்லது.

மறுமொழி (காட்பாடி):
என் தங்கை மகளுக்கு விலாவை விரலால் அழுத்தியதும் அதே வலி வந்தது. அது குருத்தெலும்பு அழற்சி. ஓடும்போது வலியோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

கேட்டவர்:
அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை என்கிறான். நாளைக் காலையிலேயே வேலூரில் குழந்தைகள் இதய மருத்துவரிடம் காட்டுகிறேன், ஐயா.