சைக்ஸ் வம்சம்: ஒரே பாட்டனா, பல பாட்டன்களா?

பனையோலை:
இங்கிலாந்தில் சைக்ஸ் என்ற குடும்பப்பெயர் கொண்டவர்கள் 700 வருஷத்துக்கு முந்தைய ஒரே ஆளின் வம்சம். ஆக்ஸ்ஃபோர்டு மரபணு ஆய்வாளர் பிரையன் சைக்ஸ் 2000-இல் தன் பெயர் கொண்ட ஆண்களின் ஒய் குரோமோசோமைச் சோதித்தார். குடும்பப்பெயர் போலவே அதுவும் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது. கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு ஒரே வடிவம். அவர்கள் வசிக்கும் வட்டாரத்தில் சோதித்த வேறு பெயர்க்காரர் யாரிடமும் அது இல்லை. இனி என்ன விவாதம்?

குறிஞ்சி:
மீதிப் பாதி எங்கே தம்பி? வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் பக்கம் சிற்றோடையை 'சைக்' என்பார்கள். ஓடையோரம் குடியிருந்தவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. அங்கே ஹடர்ஸ்ஃபீல்டு ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் ஓடைக்கா பஞ்சம்?

பனையோலை:
மீதிப்பேர் தத்துப்பிள்ளைகள், அம்மா வீட்டுப் பெயரை எடுத்தவர்கள், கட்டிய கணவனுக்குப் பிறக்காதவர்கள். தலைமுறைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. ஓடைக்கு ஒரு பாட்டன் என்றால் ஒரே வடிவம் கொண்ட இரண்டாவது, மூன்றாவது பெரிய கொத்து தெரிய வேண்டுமே அக்கா? மீதிப்பேரின் வடிவங்கள் பொது மக்களிடம் இருப்பது போலவே சிதறிக் கிடக்கின்றன.

குறிஞ்சி:
பிரையன் சைக்ஸ் பார்த்தது ஒய் குரோமோசோமில் நாலே நாலு மரபணு அடையாளம். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங்கும் மார்க் ஜோப்ளிங்கும் 2009-இல் 40 பெயர்கள், 1,678 ஆண்கள் என்று விரிவாகப் பார்த்தார்கள். அட்டன்பரோ பெயரில் 87% பேர் ஒரே வம்சாவளி. ஸ்மித்துகளிடம் அப்படி எதுவும் இல்லை. ஸ்மித் என்றால் கொல்லன். கொல்லன் எந்த ஊரில்தான் இல்லை? ஆனால் அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். ஆண் வாரிசு இல்லாத கிளை பெயரோடு முடிந்துபோகும். பத்துப் பேர் தொடங்கி ஒருவன் கிளை மட்டும் தழைத்திருந்தாலும், இன்று பார்க்க ஒரே பாட்டன் போலத்தான் தெரியும்.


    

பனையோலை:
தழைத்தது ஒருவன் கிளைதான் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்புறம் அவனைப் பாட்டன் என்றால் என்ன தப்பு?

குறிஞ்சி:
பாதிப்பேருக்குப் பாட்டன் என்றால் சண்டையே இல்லை. நீங்கள் எழுதியது 'ஒரே ஆளின் வம்சம்' என்று. மாதாகோயில் பதிவேடுகள் 1538-இல்தான் தொடங்குகின்றன. அதற்கு முந்தையதற்கு 1379-ஆம் ஆண்டுத் தலைவரிப் பட்டியல், அதாவது ஆளுக்கு இவ்வளவு என்று வரி வாங்கியவர்களின் பெயர்ப்பட்டியல், இருக்கிறது. சைக் என்ற பெயர் அதில் எத்தனை ஊர்களில் வருகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசுவோம்.