கிரித் உங்கோல் கோட்டை ஏன் மோர்டாரைப் பார்த்து நிற்கிறது?

கேள்வி:
டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்ற மோதிரக் கதையில், 1955-இல் வெளிவந்த மூன்றாம் பாகத்தை மீண்டும் வாசித்து வருகிறேன். சிறைப்பட்ட தன் எசமானன் ஃப்ரோடோவைத் தேடி வரும் சாம், கணவாயைக் கடந்து கிரித் உங்கோல் கோட்டையை மேலிருந்து பார்க்கும் இடத்தில் ஒரு விவரம் உறுத்துகிறது. மூன்று அடுக்காக எழும் அக்கட்டடம் மலைப்பாறைக்கு முதுகைக் காட்டி நிற்க, அதன் கூரிய கொத்தளங்கள் வடகிழக்கையும் தென்கிழக்கையும் நோக்குகின்றன. பகைவர் மேற்கிலிருந்துதானே வருவார்கள்? தன் நாடான மோர்டாரையே பார்த்தபடி தீய அதிபதி சௌரான் ஏன் ஒரு காவற்கோட்டையைக் கட்ட வேண்டும்?

மறுமொழி 1:
கட்டியவன் சௌரான் அல்லன். எல்ஃபுகளும் மனிதர்களும் சேர்ந்து அவனை எதிர்த்த கடைசிக் கூட்டணிப் போரில் அவன் வீழ்ந்த பின், மோர்டாருக்குள் பதுங்கியிருந்த அவனுடைய ஏவல் உயிர்கள் வெளியேறிவிடாதபடி கண்காணிப்பதற்காக, மேற்கே இருந்த மனித அரசான கோண்டோரின் மக்கள் எழுப்பிய கிழக்குப் புறக்காவல் அது. மோர்டாரின் பெருநுழைவாயிலான கருவாயிலின் இருபுறமும் நிற்கும் நார்கோஸ்ட், கார்கோஸ்ட் கோபுரங்களின் கதையும் இதுவே. கதையின் காலக்கணக்கில் மூன்றாம் யுகம் 1636-இல் வந்த பெருங்கொள்ளைநோய் கோண்டோரை நிலைகுலைத்தது. 1640-க்குள் மோர்டாரின் மீதிருந்த காவல் அற்றுப்போனது. 2002-இல் அருகிலிருந்த கோண்டோரின் மினாஸ் இதில் நகரும் சௌரானின் மோதிர ஆவிகளான நாஸ்குல்களிடம் வீழ்ந்து, பின்னர் மினாஸ் மோர்குல் எனப்பட்டது. ஆனால் கிரித் உங்கோல் கைமாறியதற்குத் துரோகமே காரணம் என்று நூல் தெளிவாகச் சொல்கிறது.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. என்னை அதைவிட அதிகமாக அச்சுறுத்துவது, கோட்டை கைமாறிய பிறகும் அதன் வேலை மாறவில்லை என்பதுதான். சௌரானிடம் மனமுவந்து பணிபுரிந்தவர்கள் சிலரே. அச்சத்தால் கட்டுண்ட அடிமைகளோ ஏராளம். அவர்கள் தப்பிவிடாமல் தடுக்க, கோண்டோர் கட்டிய அதே சுவர்கள் அவனுக்கு அப்படியே பயன்பட்டன. வாயிற்காவலர்களைக் கவனித்துப் பாருங்கள்: அரியணையில் அமர்ந்த இரு கற்சிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒட்டிய மூன்று உடல்கள், பிணந்தின்னிக் கழுகு முகத்தோடு மூன்று தலைகள். ஒரு தலை வெளியே பார்க்கிறது, ஒன்று உள்ளே, மற்றொன்று வாயிலின் குறுக்கே. உள்ளே நுழைபவனையும் வெளியேறுபவனையும் அவை ஒன்றுபோலவே தடுக்கின்றன. எல்ஃப் அரசி கலாத்ரியேல் தந்த ஒளிக்குப்பியை உயர்த்திப் பிடித்த பிறகே சாமால் உள்ளே போக முடிகிறது. போனதுமே மேலே ஒரு மணி ஒருமுறை ஒலிக்கிறது. படையில்லாத முற்றத்தில் அந்த ஒற்றை ஒலியைக் கேட்டு அவன் நிற்கும் இடத்தை நான் எப்போதும் மெதுவாகவே வாசிப்பேன்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் இத்தனை கண்காணிப்பு உள்ள கோட்டையிலிருந்து ஃப்ரோடோவை ஒரே ஒருவன் மீட்க முடிந்தது எப்படி?

மறுமொழி 3:
கோட்டையில் இருந்த ஓர்க்குகள் என்னும் சௌரானின் கொடிய படைவீரர்கள், சாம் வருவதற்கு முன்பே ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். ஃப்ரோடோவிடமிருந்து பறித்த, மித்ரில் என்ற விலைமதிப்பற்ற உலோகத்தாலான கவசத்துக்காக, கோட்டைத் தலைவன் ஷாக்ராத்தின் ஆட்களுக்கும், மினாஸ் மோர்குலிலிருந்து வந்த கோர்பாக்கின் ஆட்களுக்கும் சண்டை மூண்டது. இதைக் கதாசிரியர் தந்த வசதி என்று சிலர் குறை சொல்வதை நான் ஏற்பதில்லை. அச்சத்தால் மட்டுமே கட்டிவைக்கப்பட்ட கூட்டம், மேலிடத்தின் கண் சற்று விலகியதும் விலையுயர்ந்த பொருளொன்றைக் கண்டால் இப்படித்தான் சிதறும். அந்த வாயிற்சிலைகளுக்கு எதிரியை அறியத் தெரியும். தங்கள் ஆட்களுக்குள்ளேயே மூளும் பூசலைத் தடுக்க அவற்றால் இயலாது.