ஜூக்பாக்ஸ் வால்வு ஆம்ப்ளிஃபையரில் ஹம், கரகரப்பு: எங்கிருந்து தேடுவது?

சத்துவாச்சாரி ரெக்கார்டு

வணக்கம். ஆம்பூரில் ஒரு தோல் வியாபாரியின் பழைய பங்களாவைக் காலி செய்தபோது ஹாலில் நின்றிருந்த ஜூக்பாக்ஸை (காசு போட்டால் ரெக்கார்டு பாடும் பெட்டி) வாங்கி வந்தேன். நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் ரெக்கார்டு போடுகிற அமெரிக்கப் பெட்டி. பின்தகட்டில் 117 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று இருக்கிறது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறேன். ஆம்ப்ளிஃபையரில் உள்ள வால்வுகள்: பவர் சப்ளையில் ரெக்டிஃபையர் 5யூ4 ஒன்று, ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வு 6எல்6 இரண்டு, முன்பக்கம் சத்தத்தை முதலில் பெருக்கும் 12ஏஎக்ஸ்7.

பாட்டு வருகிறது, ஆனால் மூன்று விதமான சத்தம் கூடவே வருகிறது. வால்வு சூடானதும் 'ஊங்' என்று ஒரு ஹம்; வால்யூமைச் சுத்தமாகக் குறைத்தாலும் போகவில்லை. கொஞ்ச நேரம் ஓடிய பிறகு எண்ணெயில் வடை பொரிகிற மாதிரி ஒரு கரகரப்பு. ரெக்கார்டு ஓடும்போது மட்டும் 'ஜ்ஜ்' என்று மூன்றாவது சத்தம். இது வால்யூமோடு சேர்ந்து ஏறுகிறது. லாங் பஜார் பக்கம் விசாரித்தால், எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு புளூடூத் போர்டு வையுங்கள் என்கிறார்கள். எனக்கு அந்த வால்வு சத்தம்தான் வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

குடியாத்தம் மைக்செட்

தம்பி, போர்டெல்லாம் வைக்காதீர்கள். திருவிழா, கல்யாணம் என்று வால்வு செட்டோடுதான் என் காலம் போனது. அந்தச் சத்தத்துக்கு ஈடு கிடையாது.

முதலில் உயிர். உள்ளே 350 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் நிற்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றில் இன்சுலேஷன் வயர் கட்டி, அதை வைத்து அந்த வோல்ட்டை இறக்குங்கள். மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் கை. ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அப்புறம், இந்த ஸ்டெப் டவுன் பெட்டிகளில் பல வெறும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர், மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்காது. ஃபேஸும் நியூட்ரலும் மாறினால் சேசிஸில் (ஆம்ப்ளிஃபையரின் இரும்புத் தட்டில்) கை வைக்கும்போது சுர்ரென்று பிடிக்கும். சேசிஸுக்குத் தனி எர்த் கொடுங்கள். மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒரு கண்டென்சர் போகிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் வெட்டி எடுங்கள்.

இனி சத்தம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வால்யூம் குறைத்தும் போகாத ஹம் என்றால் குறை வால்யூம் கண்ட்ரோலுக்குப் பின்னால். 12ஏஎக்ஸ்7ஐக் கழற்றிவிட்டு ஆன் செய்து பாருங்கள். ஹம் அப்படியே இருந்தால் குறை பவர் சப்ளையிலோ அவுட்புட் வால்விலோதான். செல்போனில் அலைவரிசை காட்டும் செயலி ஏதாவது போட்டு ஸ்பீக்கர் முன் பிடியுங்கள். 100 ஹெர்ட்ஸ் தூக்கலாக இருந்தால் பவர் சப்ளையில் கரண்ட்டைச் சமனாக்கும் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது. 50 என்றால் ஹீட்டர் வயர், எர்த் பக்கம் தேட வேண்டும்.

ஆரணி டியூப்லைட்

மூன்றாவது சத்தத்துக்கு ஒரு யோசனை சார். பெட்டிக்குள் டியூப்லைட் இருக்கிறதா? அதைக் கழற்றிவிட்டு ஒரு பாட்டு போட்டுப் பாருங்கள். பாட்டு ஓடாதபோது பிக்கப்பிலிருந்து (ஊசி இருக்கும் தலை) வரும் சத்தத்தை மியூட் ரிலே என்ற ஸ்விட்ச் அடைத்துவிடும். அதனால்தான் ரெக்கார்டு ஓடும்போது மட்டும் கேட்கிறது என்று நினைக்கிறேன். காந்த பிக்கப் ஆக இருந்தால் பக்கத்தில் இருக்கும் டியூப்லைட் சோக்கின் இரைச்சலை அப்படியே இழுத்துக்கொள்ளும்.

சத்துவாச்சாரி ரெக்கார்டு

ஐயா, 12ஏஎக்ஸ்7 இல்லாமலும் ஹம் இருக்கிறது. செயலியில் 100தான் உயரமாக நிற்கிறது. டியூப்லைட்டைக் கழற்றியதும் 'ஜ்ஜ்' அப்படியே நின்றுவிட்டது, ஆரணி சார் சொன்னது சரி. கண்டென்சர் எல்லாமே ஒரே அலுமினிய டப்பாவுக்குள் இருக்கிறது. அதை என்ன செய்வது?

குடியாத்தம் மைக்செட்

டப்பாவை அழகுக்கு அங்கேயே விடுங்கள். அதற்குப் போகும் வயர்களை வெட்டிவிட்டு, புதுசுகளைச் சேசிஸுக்கு அடியில் கட்டுங்கள். பழையதன் மேல் புதுசை இணையாகக் கட்டுவது கூடாது. பழையது கசிந்துகொண்டே இருக்கும். 450 வோல்ட்டுக்குக் குறையாமல் வாங்குங்கள், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். 5யூ4க்கு அடுத்து வருகிற முதல் கண்டென்சர் 40 மைக்ரோ ஃபாரடைத் தாண்ட வேண்டாம். பெரிதாகப் போட்டால் ஹம் குறையும் என்று சிலர் நூறு, இருநூறு போடுவார்கள். ஆன் செய்யும்போது இழுக்கும் கரண்ட்டில் 5யூ4 அடிவாங்கும்.

ஹம்முக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் 6எல்6 வால்வின் கிரிட்டுக்கு (சத்தம் உள்ளே போகும் முனை) முன்பக்கத்திலிருந்து போகும் காகித கப்ளிங் கண்டென்சர் இரண்டையும் கட்டாயம் மாற்றுங்கள். அது கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் ஏறி, வால்வு சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். வேலூர் வெயிலில் மூடிய பெட்டிக்குள் அந்தக் காகிதம் எத்தனை கோடை தாங்கியிருக்கும் என்று யோசியுங்கள்.

கரகரப்புக்கு முதலில் 12ஏஎக்ஸ்7ஐ மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் அதன் பிளேட்டுக்கு (வால்வின் வெளியீட்டு முனை) போகும் கார்பன் ரெசிஸ்டன்ஸை அளந்து பாருங்கள். வயதாக ஆக அதன் மதிப்பு ஏறும், சூட்டில் பொரியும்.

ஆரணி டியூப்லைட்

அந்த சோக் 60 சைக்கிளுக்குச் செய்தது சார். நம்மூர் 50ல் கரண்ட் கூடுதலாக இழுத்துச் சூடாகும், உறுமும். 20 வாட் டியூப் என்றால் நம்ம கடை 20 வாட் சோக்கையே 230ல் நேராகக் கொடுங்கள். ஆம்ப்ளிஃபையரிலிருந்து எட்ட வைத்து, அதன் இரும்பு உடலை எர்த் செய்யுங்கள். பிக்கப் வயரை டியூப்பின் ஓரமாகக் கொண்டுபோகாதீர்கள்.

சத்துவாச்சாரி ரெக்கார்டு

புது கண்டென்சர் போட்டதும் ஹம் அடங்கிவிட்டது. ஸ்பீக்கரில் காது வைத்தால்தான் தெரிகிறது. வால்வு மாற்றியும் கரகரப்பு நிற்காததால் ரெசிஸ்டன்ஸை அளந்தேன். 220 கிலோ ஓம் இருக்க வேண்டியது 300ஐத் தாண்டிக் காட்டியது. அதற்குப் பதில் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டன்ஸ் போட்டேன், போயே போய்விட்டது. உள்ளூர் சோக்கும் மாட்டியாயிற்று. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரைச்சல் போன பிறகுதான் இன்னொன்று காதில் விழுகிறது: பாட்டு இழுக்கிறது, குரல் எல்லாம் கனத்துக் கேட்கிறது.

குடியாத்தம் மைக்செட்

அது ஆம்ப்ளிஃபையர் குறை இல்லை தம்பி. மோட்டார் 60 சைக்கிளுக்கானது. 50ல் ஓடும்போது 45 சுற்று 37.5 ஆகிவிடும். 5 கட்டை சுருதியில் பாடியது 3 கட்டையில் கேட்கும். ஸ்டெப் டவுன் வோல்ட்டைத்தான் குறைக்கும், சைக்கிளை மாற்றாது.

மோட்டார் தண்டில் ரப்பர் சக்கரம் உரசும் இடத்தின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, அதை 1.2 மடங்காக்கி தண்டின் மேல் மாட்ட ஒரு பித்தளைப் புஷ் (உறை) கடையச் சொல்லுங்கள். 5 மில்லி மீட்டர் இருந்தால் 6. காட்பாடியிலோ ராணிப்பேட்டையிலோ நல்ல லேத் பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள். மையம் துளி விலகினாலும் பாட்டு அலையும்.