கடலில் வண்டல் அளவு மைனஸில் வருகிறது, உதவுங்கள்

கலங்கல்நீர்: செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கரையோரக் கடலில் மிதக்கும் வண்டலைக் கணக்கிடுகிறேன். கரையிலிருந்து தள்ளி, தெளிந்த நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் காட்டுகிறது. ஆற்று முகத்துவாரத்தில், கண்ணுக்கே சேறாகத் தெரியும் இடத்தில் மைனஸ்! போன மாதம் சரியாகத்தான் வந்தது. நாளை மறுநாள் வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

நண்டுவளை: எந்தச் செயற்கைக்கோள்? ஒளியின் எந்த அலைநீளப் பட்டை? என்ன சூத்திரம்? ஒன்றுமே சொல்லவில்லையே.

அலைமோதி: சூரியப் பளபளப்பு, நீர்ப்பரப்பில் வெயில் பட்டுத் தெறிப்பது. சந்தேகமே வேண்டாம்.

கடலடி: ஆழம் எவ்வளவு? தரை தெரிந்தாலும் இப்படி ஏறும்.

அலைமோதி: தள்ளி இருக்கும் நீரில்தானே 100 வருகிறது என்கிறார்? அங்கே ஏது தரை? பளபளப்புத்தான்.

கலங்கல்நீர்: மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். சென்டினல்-2 செயற்கைக்கோள், எல்2ஏ (காற்றுமண்டலத் தாக்கத்தை நீக்கித் தரும் படம்), 665 நானோமீட்டர் சிவப்புப் பட்டை. படத்தில் உள்ள எண்ணை 10000-ஆல் வகுத்தால் பிரதிபலிப்பு, அதாவது திரும்பி வரும் ஒளியின் பங்கு; அதைச் சூத்திரத்தில் போட்டேன்.

மூத்தமாலுமி: எல்2ஏ நிலத்தை மனதில் வைத்துத் திருத்திய படம், தம்பி. கடலுக்கு, அப்படித் திருத்தாத எல்1சி படத்தை எடுத்து, நீருக்கென்று உள்ள அகோலைட் மென்பொருளில் ஓட்ட வேண்டும். இதை எத்தனை தடவைதான் எழுதுவது? மன்றத்தின் பழைய இழைகளைப் படிக்கும் வழக்கமே போய்விட்டது.

நண்டுவளை: ஐயா சொல்வது சரி, ஆனால் மைனஸுக்குக் காரணம் அதுவாகத் தெரியவில்லை. போன மாதம் பார்த்தது எந்த ஆண்டுப் படம்?

கலங்கல்நீர்: 2019. இப்போது 2023. ஏன், ஆண்டு முக்கியமா?

நண்டுவளை: அதுதான் முக்கியம்! 2022 ஜனவரி 25 முதல், பேஸ்லைன் 04.00 என்ற பதப்படுத்தும் பதிப்பில், எல்லா எண்களோடும் 1000 கூட்டியே தருகிறார்கள். இருண்ட நீரில் பூஜ்யத்துக்குக் கீழே போகும் மதிப்புகள் வெட்டுப்படாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. கழிக்காமல் வகுத்தால் பிரதிபலிப்பு 0.1 கூடிவிடும். உங்கள் சூத்திரத்தின் கீழ்ப்பகுதி, 1-இலிருந்து பிரதிபலிப்பை 0.17-ஆல் வகுத்துக் கழிப்பதுதானே? சேற்று நீரின் 0.08-உடன் 0.1 சேர்ந்தால் 0.18. கீழ்ப்பகுதி மைனஸ் ஆகிறது, விடையும் அப்படியே. ஆண்டை மட்டும் நம்பாதீர்கள், பழைய படங்களையும் மறுபடி பதப்படுத்தி வெளியிட்டிருக்கிறார்கள். கோப்புப் பெயரில் N என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள், 0400 அல்லது அதற்கு மேல் என்றால் கழிக்க வேண்டும். கூகுள் எர்த் எஞ்சினில், ஏற்கெனவே கழித்து வைத்திருக்கும் ஹார்மனைஸ்டு தொகுப்பு எடுத்தால் இந்த வேலை இல்லை.

மூத்தமாலுமி: கழித்தாலும் நல்ல சேற்றில் சிவப்புப் பட்டை திகட்டிவிடும், வண்டல் கூடினாலும் ஒளி அவ்வளவாகக் கூடாது. 865 நானோமீட்டர் அகச்சிவப்புப் பட்டைக்கு மாறுவதுதான் முறை. அதோடு, நீர் எடுத்து வடிகட்டி எடை போடாதவர் மில்லிகிராம் என்று பேசவே கூடாது. கலங்கல் என்று சொல்லுங்கள்.

கடலடி: அப்படிப் பார்த்தால் யாருமே வரைபடம் போட முடியாது.

மூத்தமாலுமி: போடலாம், அலகை மாற்றிப் போடலாம். ஒரே எடைக்கு நுண்களிமண் சிதறடிக்கும் ஒளி வேறு, மணல் சிதறடிப்பது வேறு. புயலுக்கு மறுநாள் மணல் கிளம்பியிருந்தால் உங்கள் சூத்திரம் குறைத்துத்தான் காட்டும்.

கடலடி: அதற்குத்தான் அந்தந்த இடத்து மாதிரியை வைத்துச் சூத்திரத்தைச் சரிசெய்கிறோம். அதை யார் மறுத்தார்கள்?

மூத்தமாலுமி: இந்த இழையில் யார் சரிசெய்தார்கள்?

கலங்கல்நீர்: 1000 கழித்தேன். தெளிந்த நீர் 3, முகத்துவாரம் 50 சொச்சம். நன்றி நண்டுவளை!

நண்டுவளை: மகிழ்ச்சி. நீர் மாதிரி ஏதும் கையில் இருக்கிறதா?

அலைமோதி: பளபளப்பும் கொஞ்சம் இருந்திருக்கும்.