வைட்டமின் ஈ கூட்டினால் கறிக்கோழியின் எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை கூடத் தின்னும் தீவன அளவு) குறையுமா?

தீவனக் கலவையாளர்:
ஒரே வழித்தோன்றலாகப் பிறந்து, ஒரே தீவனத்தைத் தின்னும் பிராய்லர் சேவல்களுள் சில மட்டும் பின்தங்குவது ஏன் என்பதற்கு, 2002இல் வெளியான ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வு ஒரு விடை தந்தது. தீவனத் திறன் குறைந்தவற்றின் மார்புத் தசை மைட்டோகாண்ட்ரியாவில், அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்புகளில், எலக்ட்ரான் கசிவு மிகுதி. கசிந்த எலக்ட்ரான் ஆக்சிஜனோடு சேர்ந்து சூப்பர் ஆக்சைடாகி, பின்னர் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. இவை புரதங்களைப் பழுதாக்குகின்றன. ஆகவே வைட்டமின் ஈ, செலினியம் இரண்டையும் தாராளமாகச் சேர்த்தால் எஃப்.சி.ஆர். குறையும்.

ஊட்டவியலாளர்:
“ஆகவே” என்ற சொல் வரும்வரை எனக்கு மறுப்பில்லை. அதே ஆய்வில், அந்தக் கோழிகளின் சுவாசச் சங்கிலிக் கூட்டுநொதிகளின், அதாவது மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்களைக் கைமாற்றி ஆற்றல் உண்டாக்கும் நொதித் தொகுதிகளின், செயல்பாடும் குறைந்தே இருந்தது. அப்படியானால் கசிவு காரணமா, பழுதான சங்கிலியின் விளைவா? வைட்டமின் ஈ சவ்வுக் கொழுப்பில் பரவும் ஆக்சிஜனேற்றத்தை இடைமறிக்கிறது; செலினியம், பெராக்சைடை நீராக்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்னும் நொதியில் அமைகிறது. இரண்டும் ஒழுகியதைத் துடைப்பவை, ஓட்டையை அடைப்பவை அல்ல. மேலும், தேவை நிறைந்தபின் செலினியத்தைக் கூட்டினால் அந்த நொதி கூடுவதில்லை, நஞ்சுதான் நெருங்கும்.

தீவனக் கலவையாளர்:
செலினியத்தில் “தாராளம்” என்றது என் பிழை. ஆனால் கூட்டுநொதிகளும் புரதங்களே என்பதை மறந்துவிட்டீர்கள். கசிவு அவற்றைப் பழுதாக்கும், பழுதானவை மேலும் கசியும். இந்தச் சுழலில் துடைப்பதும் ஒருவகையில் அடைப்பதுதான். வயிற்றில் நீர்கோக்கும் அசைட்டிஸ் நோயுற்ற கோழிகளில், தீவனத்தில் கூட்டிய வைட்டமின் ஈ மைட்டோகாண்ட்ரியாவின் கசிவைக் குறைத்ததே!

ஊட்டவியலாளர்:
சுழல் பற்றிய வாதம் வலுவானது, ஏற்கிறேன். ஆயினும் அது நோயுற்ற கோழி. நலமான கோழியில் கசிவது, செல் நுகரும் ஆக்சிஜனில் மிகச் சிறிய பங்கே என்பதால், இழப்பைக் கசிவில் தேடுவதைவிடப் பழுதுபார்ப்பில் தேடுவதே பொருந்தும். பழுதான புரதத்தைச் சிதைத்துப் புதிதாகக் கட்டும்போது ஒவ்வொரு பெப்டைடு பிணைப்புக்கும் குறைந்தது 4 உயர் ஆற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. தசையாகச் சேர வேண்டிய தீவனம் அங்கேதான் கரைகிறது. அந்தச் செலவை வைட்டமின் குறைக்கிறதா என்று எடை போட்டுப் பார்த்த பிறகே எஃப்.சி.ஆர். பற்றிப் பேச வேண்டும். தவிர, சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடு, செல் தன் சொந்தத் தற்காப்பு நொதிகளை உருவாக்கத் தூண்டும் சமிக்ஞையாகும். அதையும் துடைத்தெறிவது நன்மையா?

பண்ணையாளர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். காறல் ஏறிய எண்ணெயைத் தீவனத்தில் கலந்துவிட்டு, மேலே வைட்டமின் ஈ தூவுவோரைப் பார்த்திருக்கிறேன். குடலுக்குள் போகுமுன்பே அதில் ஒரு பகுதி அந்த எண்ணெயிலேயே தீர்ந்துவிடுகிறது.

தீவனக் கலவையாளர்:
காறலைக் காட்டும் பெராக்சைடு அளவை எண்ணெயில் முதலில் சோதிக்க வேண்டும் என்பதில் மூவரும் ஒன்றுபடுகிறோம். வெப்ப அயர்ச்சியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: கடும் வெப்பத்தில் தசை மைட்டோகாண்ட்ரியாவின் சூப்பர் ஆக்சைடு உற்பத்தி உயர்கிறது, கோழியின் தீனியும் குறைகிறது, தீனியோடு வைட்டமினும் குறையும் அந்த நாட்களில் அதைக் கூட்டாமல் இருப்பதற்கு நீங்கள் இன்னும் காரணம் சொல்லவில்லை.