வியாசர்பாடி மாடிக்கூடம்: எல்லா மெஷினுக்கும் ஒரே இமேஜா, டெபியனே போதுமா?

மாடிக்கூடம் (திங்கள் இரவு)

வியாசர்பாடியில் கேரம் கிளப்புக்கு மேல் மாடியில் நாங்கள் நடத்தும் மாலைநேரக் கணினிக் கூடம் உங்களில் பலருக்குத் தெரியும். பன்னிரண்டு மெஷின். எல்லாமே ஆபீஸ்களில் கழித்துக் கொடுத்த பழைய ஐ3, 8 ஜிபி ரேம். அத்தனையிலும் டெபியன் லினக்ஸ்தான் போட்டிருந்தோம். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் போட்டது. மூன்றாவது மெஷினில் தமிழ்99 விசைப்பலகை வரும், ஏழாவதில் வராது. போன மாதம் அப்டேட் ஓடும்போது கரண்ட் போய், ஒன்பதாவது மெஷின் பாதி பேக்கேஜோடு நின்றுவிட்டது. யூபிஎஸ் வாங்கப் பணம் இல்லை. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது.

அதனால் எல்லா மெஷினையும் பூட்சி (bootc) முறைக்கு, அதாவது முழு இயங்குதளத்தையும் ஒரே இமேஜாகக் கட்டி எல்லாவற்றிலும் போடும் முறைக்கு, மாற்றலாம் என்று நினைக்கிறேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஃபெடோரா கினோயிட் என்ற லினக்ஸ் ஒரு கன்டெய்னர் இமேஜாகவே (எல்லா ஃபைலும் அடங்கிய ஒரே பொட்டலமாக) கிடைக்கிறது. அதை அடியாக வைத்து, நமக்கு வேண்டிய பேக்கேஜ்களை ஒரு கன்டெய்னர்ஃபைலில் (இமேஜ் கட்டும் குறிப்பில்) எழுதி, பாட்மேன் என்ற கருவி வைத்துக் கட்டி, ரெஜிஸ்ட்ரியில் (இமேஜ்களைச் சேமித்துத் தரும் சர்வரில்) ஏற்றிவிட வேண்டும். மெஷினில் ஒரே ஒரு தடவை 'பூட்சி ஸ்விட்ச்' கொடுத்தால் அந்த இமேஜிலிருந்தே பூட் ஆகும். புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆர் (/usr) அடைவு முழுக்கப் படிக்க மட்டும். யாரும் தொட முடியாது. புது அப்டேட் பழையதை அழித்து எழுதாது, பக்கத்தில் தனியாக இறங்கும். மெஷினை அணைத்துப் போடும்போதுதான் மாறும். நடுவில் கரண்ட் போனால் பழையது அப்படியே இருக்கும்.

இரண்டு மெஷினில் மூன்று வாரமாக ஓட்டிப் பார்க்கிறேன். மீதிப் பத்தையும் மாற்றுவதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.

எண்ணூர்க்காரன் (திங்கள் இரவு)

தம்பி, இருபது வருஷமாக சர்வர் பார்க்கிறேன். உன் பிரச்சினை இரண்டு. ஒன்று, பன்னிரண்டு மெஷினும் ஒரே மாதிரி இல்லை. இரண்டு, அப்டேட் நடுவில் கரண்ட் போகிறது. முதலாவதுக்கு ஒரு அன்சிபிள் பிளேபுக் (பல மெஷினை ஒரே மாதிரி அமைக்கும் கட்டளைப் பட்டியல்) போதும். இரண்டாவதுக்கு பி.டி.ஆர்.எஃப்.எஸ் என்ற ஃபைல்சிஸ்டத்தின் ஸ்நாப்ஷாட் (அந்த நேர நிலையின் பதிவு) இருக்கிறது. ஓபன்சூசே லினக்ஸில் ஸ்நாப்பர் என்ற கருவி வைத்துப் பல வருஷமாக இதைத்தான் செய்கிறார்கள். அப்டேட்டுக்கு முன்னால் ஒரு ஸ்நாப்ஷாட், கெட்டால் திரும்பிப் போ. அவ்வளவுதான்.

டெபியன் ஒரு பதிப்புக்கு மூன்று வருஷம் முழு ஆதரவு, அதற்கு மேல் இரண்டு வருஷம் நீட்டிப்பு, ஆக ஐந்து. ஃபெடோரா ஒரு பதிப்பு சுமார் 13 மாதம்தான். டியூஷன் பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஒரு முறை அடித்தளம் மாறுவது எதற்கு?

அச்சகம்_தண்டையார்பேட்டை (செவ்வாய் காலை)

நான் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் கடை மெஷினில் சில்வர்புளூ (கினோயிட் மாதிரியே இன்னொரு ஃபெடோரா) போட்டுப் பார்த்தேன். பத்து நாளில் எடுத்துவிட்டேன். காரணம் பிரிண்டர்.

என் லேசர் பிரிண்டரின் டிரைவரை அந்தக் கம்பெனி ஆர்.பி.எம் பேக்கேஜாகத்தான் தருகிறது. அது தன் ஃபைல்களை ஆப்ட் (/opt) அடைவுக்குள் கொட்டும். இந்த முறையில் ஆப்ட் என்பது வார் (/var) அடைவுக்குள் போகும் ஒரு இணைப்பு மட்டும்தான். இமேஜ் கட்டும்போது வாருக்குள் விழுந்தது ஏற்கெனவே ஓடும் மெஷினுக்கு வந்து சேராது. கட்டும்போது எந்த எரரும் இல்லை. மெஷினில் போய்ப் பார்த்தால் டிரைவர் இல்லை. எனக்கு இதைக் கண்டுபிடிக்க நான்கு இரவு ஆனது. வாசலில் ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

உங்கள் கூடத்தில் பிரிண்டர் இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

மாடிக்கூடம் (செவ்வாய் இரவு)

அக்கா, நானும் அதே இடத்தில்தான் மாட்டினேன். வழி இருக்கிறது. கன்டெய்னர்ஃபைலிலேயே அந்த ஃபைல்களை யூஎஸ்ஆர்/லிப் கீழ் ஒரு அடைவுக்கு நகர்த்திவிட வேண்டும். பிறகு பூட்டைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் டிஎம்பிஃபைல்ஸ் அமைப்பில் ஒரு வரி எழுதினால், பூட் ஆகும்போது ஆப்ட்டில் அதே பெயரில் இணைப்பு உண்டாகும். மொத்தம் நான்கு வரி. ஒரு தடவை எழுதினால் எல்லா மெஷினுக்கும் போய்விடும். பத்து நாள் தாண்டியிருந்தால் உங்கள் கடையிலும் ஓடியிருக்கும் என்று நம்புகிறேன்.

எண்ணூர் அண்ணே, அன்சிபிள் வைத்து எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். பிளேபுக் சொல்வது 'இதெல்லாம் இருக்க வேண்டும்' என்று. அதில் எழுதாத எதையாவது ஒரு பையன் கையால் போட்டிருந்தால் பிளேபுக்குக்கு அது தெரியாது. ஒன்பதாவது மெஷினில் யாரோ மூன்றாம் ஆள் பேக்கேஜ் ரெப்போவைச் சேர்த்து வைத்திருந்தார்கள். நான் போட்ட பேக்கேஜ் அதனோடு மோதியது. இமேஜ் முறையில் யூஎஸ்ஆருக்குள் இருப்பது முழுக்க அந்த ஃபைலில் எழுதியதுதான். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

ஃபெடோரா பதிப்பு மாறுவதும் கன்டெய்னர்ஃபைலின் முதல் வரியில் 42 என்பதை 43 என்று மாற்றுவதுதான். ஓடவில்லை என்றால் பழைய இமேஜ் மெஷினிலேயே இருக்கிறது.

எண்ணூர்க்காரன் (செவ்வாய் இரவு)

'முழுக்க' என்று சொல்லாதே தம்பி. யூஎஸ்ஆரைப் பற்றி மட்டும் பேசுகிறாய். அமைப்பு ஃபைல்கள் இருக்கும் ஈடிசி (/etc) அடைவு எழுதக்கூடியதாகத்தான் இருக்கிறது. அப்டேட்டின்போது அங்கே மும்முனைக் கலப்பு நடக்கும்: பழைய இமேஜில் இருந்தது, புது இமேஜில் இருப்பது, மெஷினில் கையால் மாற்றியது. ஒரு ஃபைலை மெஷினில் ஒரு தடவை கையால் தொட்டுவிட்டால் அந்த மெஷினின் மாற்றமே ஜெயிக்கும். நீ இமேஜில் என்ன திருத்தினாலும் அந்த ஃபைல் அங்கே மாறாது. ஆறு மாதம் கழித்து ஒன்பதாவது மெஷின் மறுபடியும் தனி மெஷின்தான். அதுவும், எல்லாம் ஒன்று என்று நீ நம்பிக்கொண்டிருக்கும்போது.

இன்னொன்று. இமேஜை கிட்ஹப் தளம் தினமும் தானாகக் கட்டுகிறது என்று போன மாதம் நேரில் சொன்னாய். பொது ரெப்போவில் 60 நாள் யாரும் எதையும் மாற்றவில்லை என்றால், நேரம் வைத்து ஓடும் வேலையை கிட்ஹப் தானாக நிறுத்திவிடும். நீ பெங்களூருக்கு மாற்றலாகிப் போனால் என்ன ஆகும்? மெஷின்கள் ஓடும். அப்டேட் இல்லை என்றுதான் காட்டும். பிரவுசர், கெர்னல் எல்லாம் பழையதாகிக்கொண்டே இருக்கும், ஒருவருக்கும் தெரியாது. டெபியனில் நீ இல்லாவிட்டாலும் செக்யூரிட்டி அப்டேட் டெபியனிடமிருந்து நேராக வரும்.

இமேஜ் உன்னுடையதுதானா என்று மெஷின் சரிபார்க்கும் கையெழுத்துச் சாவியையும் யோசி. 2024 ஜூலையில், இதே மாதிரி இமேஜ் கட்டித் தரும் யுனிவர்சல் புளூ திட்டத்திலேயே சாவி மாறியது. பயன்படுத்துபவர்கள் கையால் ஒரு வேலை செய்தால்தான் அப்டேட் தொடர்ந்து வந்தது. அவர்கள் பெரிய கூட்டம், உடனே அறிவித்தார்கள். உன் சாவி உன் லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது.

மாடிக்கூடம் (புதன் காலை)

ஈடிசி பற்றி நீங்கள் சொன்னது சரி. அதை நான் குறைத்துத்தான் மதிப்பிட்டிருந்தேன். நேற்று இரவே இரண்டு மெஷினிலும் 'ஓஎஸ்ட்ரீ அட்மின் கான்ஃபிக்-டிஃப்' ஓட்டினேன். இமேஜிலிருந்து மாறிய ஈடிசி ஃபைல்களை அது பட்டியலிடும். ஒன்றில் பிரிண்டர் அமைப்பு மாறியிருக்கிறது, நான் கவனிக்கவே இல்லை. அமைப்புகளை முடிந்தவரை யூஎஸ்ஆருக்குள்ளேயே வைக்கப்போகிறேன். ஈடிசியை ஒவ்வொரு பூட்டிலும் புதிதாக்கும் ஒரு அமைப்பும் உண்டு, ஆனால் வைஃபை பாஸ்வேர்ட் போகும் என்பதால் இன்னும் தொடவில்லை.

60 நாள் விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி அண்ணே.

மூலக்கடை_மாணவி (புதன் இரவு)

நான் அந்தக் கூடத்தில் படிப்பவள், பாலிடெக்னிக் இரண்டாம் வருடம். நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

போன வாரம் அண்ணன் வராத நாளில் பதினோராவது மெஷின் அப்டேட் ஆகி, திரை கறுப்பாக நின்றது. சோதனைக்கு மாற்றிய இரண்டில் ஒன்று. பூட் மெனுவில் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்தேன். வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம்கூடத் தாமதமாகவில்லை. டெபியன் மெஷின் அப்படி நின்றபோது துணி போட்டு மூடி வைத்து அண்ணனுக்குக் காத்திருந்தோம். எனக்குப் பெரிய வித்தியாசம் அதுதான்.

எண்ணூர்க்காரன் (புதன் இரவு)

நன்றாகச் செய்தாய்மா. ஆனால் மெனுவில் தேர்ந்தெடுப்பது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும். அடுத்த நாள் வேறு பிள்ளை போட்டிருந்தால் மறுபடி கறுப்புத் திரைதானே?

மூலக்கடை_மாணவி (புதன் இரவு)

ஆமாம் சார், அப்படியேதான் ஆனது. மறுநாள் 'பூட்சி ரோல்பேக்' கொடுத்தேன், நிலையாகிவிட்டது. அந்தக் கட்டளையைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அச்சகம்_தண்டையார்பேட்டை (வியாழன் காலை)

நெட் செலவு பற்றி யாருமே பேசவில்லை. ஒரு இமேஜ் சில ஜிபி. அது பல அடுக்காக இருக்கும், அடுக்கு சரியாகப் பிரித்துக் கட்டவில்லை என்றால் சின்ன மாற்றத்துக்கும் பெரிய அடுக்கு முழுதும் மறுபடி இறங்கும். அதைப் பன்னிரண்டால் பெருக்குங்கள். எங்கள் தெருவில் கேபிள்காரர் நெட்தான், மாதக் கடைசியில் வேகம் விழுந்துவிடும்.

மாடிக்கூடம் (வியாழன் இரவு)

அக்கா, அதற்கும் அண்ணன் சொன்ன 60 நாளுக்கும் சேர்த்து ஒரே பதில் கிடைத்தது. கூடத்தில் சும்மா கிடக்கும் பழைய மெஷின் ஒன்றில் ரெஜிஸ்ட்ரி கன்டெய்னரை ஓடவிட்டு, இமேஜையும் அதிலேயே வாரம் ஒரு முறை கட்டப்போகிறேன். வெளியிலிருந்து அடி இமேஜ் ஒரு தடவை இறங்கும். மற்ற பன்னிரண்டும் உள்ளே கேபிளிலேயே எடுத்துக்கொள்ளும்.

அது மூன்றாம் தலைமுறை ஐ3 என்பதால் ஒரு எச்சரிக்கை. ஃபெடோராவுக்குப் பதில் சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் 10 என்ற லினக்ஸ் அடிப்படையில் கட்டினால் ஆயுள் நீளம்தான், ஆனால் அதற்கு எக்ஸ்86-64-வி3 என்ற புதிய கட்டளைத் தொகுதி உள்ள சிப் வேண்டும். மூன்றாம் தலைமுறையில் அது ஓடாது. ஃபெடோராவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பழைய மெஷின் வைத்திருப்பவர்கள் இதைப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

எண்ணூர்க்காரன் (வியாழன் இரவு)

உள்ளே கேபிளில் பகிர்வது டெபியனிலும் முடியும், ஆப்ட்-கேச்சர்-என்ஜி (ஒரு தடவை இறங்கிய பேக்கேஜைச் சேமித்து மற்ற மெஷினுக்குத் தரும் புரோகிராம்) வைத்தால் போதும். இரண்டு வருஷத்துக்கு முன்பே உன்னிடம் சொன்னேன். வாரம் ஒரு முறை அந்தக் கட்டும் மெஷின் வேலை செய்ததா என்று பார்ப்பது யார்? என் கேள்வி ஆரம்பத்திலிருந்தே அது ஒன்றுதான்.

மூலக்கடை_மாணவி (சனி மதியம்)

சார், நான் பார்க்கலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். நேற்று முதல் முறையாகக் கன்டெய்னர்ஃபைலைத் திருத்தினேன். தமிழ்99 எல்லா மெஷினிலும் வர ஐபஸ்-எம்17என் பேக்கேஜைச் சேர்க்க வேண்டும். பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்துவிட்டேன். கட்டுமானம் சிவப்பாகி நின்றுவிட்டது. சோதனை மெஷின் இரண்டுக்கும் எதுவும் போகவில்லை, வகுப்பு வழக்கம்போல் நடந்தது. லாகைப் படித்துத் திருத்தி மறுபடி கட்டினேன். இப்போது இரண்டிலும் வருகிறது.

எண்ணூர்க்காரன் (சனி மாலை)

தப்பு கட்டும் இடத்திலேயே நின்றது நல்ல விஷயம். என் பிளேபுக்கில் அதே எழுத்துப்பிழை பன்னிரண்டு மெஷினிலும் போய் முட்டியிருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் பத்தையும் ஒரேயடியாக மாற்றாதே தம்பி. நான்கு மெஷின் டெபியனிலேயே இருக்கட்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அரையாண்டுத் தேர்வு வரை எது எத்தனை நாள் நின்றது என்று அந்தப் பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். அப்புறம், சாவியின் இன்னொரு பிரதியை பென் டிரைவில் போட்டு அவளிடம் கொடு.

மாடிக்கூடம் (சனி இரவு)

கொடுத்துவிட்டேன் அண்ணே. நாளை நாலு மணிக்குக் கூடம் திறந்திருக்கும். அக்கா, உங்கள் பிரிண்டர் டிரைவர் ஃபைலையும் கொண்டு வாருங்கள், அந்த நான்கு வரியை உட்கார்ந்து எழுதிவிடலாம்.