தறி அட்வான்ஸை அறக்கட்டளை அடைக்கலாமா?

கேள்வி:
பவானிப் பக்கம் சின்ன அறக்கட்டளை நடத்துகிறேன். ஜமக்காளத் தறிக் குடும்பங்கள்தான் அதிகம். போன மாதம் ஒரு வீட்டுக்குத் தையல் மெஷின் கொடுத்தோம். மூன்றாம் நாள் அது அடகுக் கடையில். கேட்டால், "தறி முதலாளிகிட்ட வாங்கின அட்வான்ஸ் நாப்பதாயிரம் நிக்குதுங்க, வேற என்ன பண்ணட்டும்" என்கிறார் அந்த அக்கா. நன்கொடைப் பணத்தில் கடனை அடைத்துவிடலாமா?

பல்லடத்திலிருந்து:
வேண்டாமுங்க. நாளைக்கே நாலு பேர் உங்கள் வாசலில் நிற்பார்கள். அட்வான்ஸைக் காட்டி வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுத்தால் அது கொத்தடிமைமுறை. 1976 ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள்.

காங்கயத்திலிருந்து:
சட்டம் சரி. குடியிருக்கும் வீடும் முதலாளியுடையது என்றால் மனுக் கொடுத்த ராத்திரி எங்கே படுப்பார்கள்? முதலில் அதற்கு வழி பாருங்கள். அப்புறம், மெஷின் வேண்டுமா என்று அந்த அக்காவிடம் கேட்டீர்களா? நாங்களும் கேட்காமல் வெள்ளாடு வாங்கிக் கொடுத்து, தீபாவளிக்குள் பாதி விற்றுப்போனது.

கேட்டவர்:
கேட்கவில்லைங்க. நன்கொடையாளர் மெஷின்தான் தந்தார், வாங்கிக் கொடுத்துவிட்டேன். நாளைக்குப் போய் வீட்டு வாடகை யாருக்குப் போகிறது என்று விசாரிக்கிறேன்.